முதல் நிலைக் கம்பி

ஜமுனா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கிட்டார் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்க வேண்டும்?

அவளிடம் கிட்டார் இருந்தது. பழவேற்காட்டு நண்டுக் கொட்டகையிலிருந்து சென்னைக்கு நண்டு ஏற்றிப் போகும் வேன் டிரைவரிடம் சொல்லி வைத்து, பழையதாக ஒன்று வாங்கியிருந்தாள். ஏன் வாங்கினாள் என்று அவள் ஊரான பசியாவரத்தில் கேட்காதவர்கள் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வெறுமனே பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளாததால், "தங்கச்சி கல்யாணத்துல ஒரு பாட்டு வாசிக்கப் போறேன்" என்று சொல்லத் தொடங்கினாள். தங்கை வைஷ்ணவிக்குத் தை மாதம் கல்யாணம். சொல்லச் சொல்ல அது ஊர்ச் செய்தியாகி, மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், கடைசியில் வைஷ்ணவியே ஒருநாள் வந்து, "இன்னா பாட்டுக்கா?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள். இனி வாசிக்காமல் இருக்க முடியாது.

செல்போனில் தேடினாள். ஆயிரம் பேர் சொல்லித் தர உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்கள் சொல்லித் தருவது தப்பு என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். பொன்னேரியில் ஒரு புத்தகக் கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டு, "ரெண்டுல எது வோணும்?" என்று அவளையே கேட்டார். அவள் எதையும் வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நண்டுக் கொட்டகையில் அவளோடு நண்டு தரம் பிரிக்கிற சூசையம்மாள்தான் வழி சொன்னாள்.

"நம்ம பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா ஒரு ஆபீசு தொறந்துக்கீறாங்க மே. எந்தப் புக்கு படிக்கணும், காத எப்டி பழக்கணும்னு அவங்கதான் சொல்வாங்களாம். போய்க் கேளு."

அந்த அலுவலகத்தின் பெயர் கடலோர மக்கள் இசைக்கல்வி நூல் மற்றும் செவிப்பயிற்சித் தேர்வு மையம். கட்டடத்தின் முகப்பில் பெயர் அடங்காததால் 'மையம்' என்ற சொல்லைப் பக்கச் சுவரில் எழுதியிருந்தார்கள். ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிட்டாரைப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜமுனா அங்கே போனாள்.

உள்ளே கவியரசன் இருந்தார். மையத்தின் இயக்குநர், முதுநிலை நூல் தேர்வாளர் என்று மேசைப் பலகையில் எழுதியிருந்தது.

"கிட்டார் கத்துக்க எந்தப் புக்கு சார் வாங்கணும்?"

கவியரசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"உட்காருங்கள் அம்மா. இந்த ஏரிக்கரையில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். மற்றவர்கள் எல்லாம் கிட்டாரைக் கையில் எடுத்து நேராக வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை வீணாகிறது."

"நீங்க சொல்லித் தருவீங்களா சார்?"

"கற்பிப்பது எங்கள் வேலை இல்லை. யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம். எதிலிருந்து கற்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் கடினம். நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம்."

"அப்ப ஒண்ண எடுத்துச் சொல்லுங்க சார். நான் வாங்கிக்கிறேன்."

"அவசரப்படுகிறீர்கள்" என்றார் கவியரசன், மிகவும் அன்பாக.

ஒரு கேள்வி கேட்டதற்காக ஜமுனா வாழ்க்கையில் முதல்முறை மரியாதையாக நடத்தப்பட்டாள். அதனால் அவசரப்பட்டதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பயனாளி என்று பதிவு செய்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள்.

நூல் தேர்வுக் குழு புரட்டாசியில் கூடியது. வெளியூரிலிருந்து நான்கு பெரியவர்கள் வந்தார்கள். பயனாளி நேரில் இருக்க வேண்டும் என்பது விதி; பேசக்கூடாது என்பதும் விதி. ஜமுனா ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. கவியரசன் எழுந்து வரவேற்புரை ஆற்றினார்.

"நம் குழுவில் ஒருவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு சார்பு வந்துவிடும். எனக்கு இந்தப் புத்தகம் உதவியது, அது உதவவில்லை என்று சொல்லுவான். நாம் எந்தப் புத்தகத்தாலும் உதவப்படாதவர்கள். ஆகவே நடுநிலையானவர்கள்."

பெரியவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

முதல் புத்தகத்தில் படங்கள் அதிகம் இருந்தன. படம் பார்த்து விரல் வைத்தால் பயனாளி படத்துக்கு அடிமையாகிவிடுவாள் என்று அதை ஒதுக்கினார்கள். இரண்டாவதில் படமே இல்லை. பயனாளிக்குப் புரியாது என்று ஒதுக்கினார்கள். மூன்றாவது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது. பயனாளியின் வயது கேட்கப்பட்டது. இருபத்தெட்டு என்றதும் குழு அவளை ஏற இறங்கப் பார்த்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இன்னொரு புத்தகம் நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார். கவியரசன் அதைத் திறந்து முதல் வரியை வாசித்தார். 'கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.'

"பாருங்கள்" என்றார். "முதல் வரியிலேயே எடுக்கச் சொல்கிறான். எவ்வளவு பொறுப்பில்லாத ஆசிரியர்!"

சாயந்திரத்துக்குள் ஒரு புத்தகத்தைத் தவிர எல்லாம் ஒதுக்கப்பட்டன. மிஞ்சிய புத்தகம், 'கிட்டார்ப் பயிற்சி நூல்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள்: பாகம் ஒன்று'. எழுதியவர் கவியரசன். அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கூச்சத்தோடு வெளியே போய் நின்றுகொண்டார். மற்ற நால்வரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த பிறகு உள்ளே வந்து ஆச்சரியப்பட்டார்.

ஜமுனா அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனாள். அவளுடைய அப்பா நீலமேகம், ஏரியில் நண்டு வலை போடுகிறவர், அதை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இத்தப் படிச்சா வாசிச்சிடலாமா?"

"இது எந்தப் புக்க படிக்கணும்னு தெரிஞ்சிக்கிறதுக்கு நைனா."

"அது சரி" என்று நீலமேகம் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தார். படித்தவர்கள் விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை.

நூலுக்குப் பிறகு காது. செவிப்பயிற்சி ஒருங்கிணைப்பாளர் ஆர்த்தி சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வந்தார். எந்தச் செவிப்பயிற்சி வகுப்பு ஜமுனாவுக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு சோதனை. ஜன்னல்களைச் சாத்தி, அவள் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, ஆர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார்.

"ரெண்டு ஒலி வந்துச்சா? ரெண்டாவது மேலயா, கீழயா?"

ஜமுனா மேலே பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க மேடம்?"

ஆர்த்தி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்து மூன்று ஒலிகள் சேர்ந்து வந்தன. பிறகு வேறு மூன்று.

"இப்ப என்ன வித்தியாசம் சொல்லுங்க."

ஜமுனாவுக்கு இது தெரிந்தது. முகம் தெளிந்தது. "மொதல்ல வந்தது சிரிச்சிக்கினே சொல்ற மாதிரி கீது மேடம். அப்பால வந்தது, அழுதுட்டு கண்ணத் தொடச்சிக்கினு சொல்ற மாதிரி."

"நான் கேட்டது அது இல்ல. ஒலிக்கு இடையில எத்தனை படி?"

"படியா?"

"உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார் ஆர்த்தி. அதையும் குறித்துக்கொண்டார்.

முடிவை மைய வாசலில் ஒட்டினார்கள். செவித்திறன் சோதனையில் பயனாளி ஜமுனா, பசியாவரம்: தகுதி பெறவில்லை. காரணம்: மாசடைந்த செவி. படகுத்துறைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அதைப் படித்தார்கள். "இன்னா ஜமுனா, காதுல இன்னா ஆச்சி?" என்று மீன் வாங்க வந்தவர்கள் விசாரித்தார்கள். ஒருத்தி கைவைத்தியம் சொன்னாள். ஜமுனா சிரித்து மழுப்பிவிட்டு, அதற்கப்புறம் காதை மறைத்துத் தலைப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மாசடைந்த செவியைச் சுத்தப்படுத்துவதே முதல் நிலை என்று ஆர்த்தி விளக்கினார். அவளுடைய காதில் படகு எஞ்சின் சத்தம், ஏலக் கூச்சல், காக்கைச் சத்தம் எல்லாம் படிந்துவிட்டன. அவை வெளியேற வேண்டும். அதுவரை பகலில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், சுத்தமாகாத காதோடு கிட்டாரைத் தொடவே கூடாது.

"ஒரு தடவ தப்பான சுரம் காதுல போய்ட்டா, ஆயுசுக்கும் போகாது."

"தொட மாட்டேன் மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார் கவியரசன், வருத்தத்தோடு. "ஆசை யாரை விட்டது? அதனால் கம்பிகள் மையத்தின் பாதுகாப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு நிலை முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகத் தருவோம்."

கிட்டாரிலிருந்து கம்பியை எப்படிக் கழற்றுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கவியரசன் ஒரு கட்டிங் பிளேயரை வரவழைத்து, ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினார். ஒவ்வொரு கம்பியும் 'டங்' என்று சுருண்டது. ஆர்த்தி உடனே ஜமுனாவின் காதுகளைப் பொத்தினார், அந்தச் சத்தம் உள்ளே போய்விடாமல்.

வெட்டிய கம்பியை எப்படித் திரும்பப் போடுவார்கள் என்று ஜமுனாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அதைக் கேட்டால் மறுபடியும் அவசரப்படுவதாக ஆகும். கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அவள் பஞ்சோடு வேலை பார்த்தாள். நண்டுக் கொட்டகையில் காதைவிடக் கையும் கண்ணும்தான் முக்கியம் என்பதால் முதலில் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் வேன் பின்பக்கமாக வந்தபோது எல்லோரும் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் நண்டுக் கூடைகளை வேன் வருகிற வழியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். சூசையம்மாள் ஓடிவந்து அவளை இழுத்துப் போட்டாள். இரண்டு கூடை நண்டு சக்கரத்துக்கு அடியில் நொறுங்கியது. முதலாளி வந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். அவர் பாராட்டுகிறார் என்று நினைத்து ஜமுனா சிரித்தாள். அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். சூசையம்மாள் அவள் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள்.

"...சோத்துக்கு இன்னா பண்ணுவே?" என்ற முதலாளியின் கடைசி வார்த்தைகள் மட்டும் அவளுக்குக் கேட்டன. கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு மே இந்தப் பேஜாரு?" என்றாள் சூசையம்மாள், ஓரமாகக் கூட்டிப் போய். "கைய வெச்சி டொய்ங்னு ஒரு தட்டு தட்டுனா சத்தம் வரப் போவுது."

"உனக்கு அதெல்லாம் புரியாதுக்கா" என்றாள் ஜமுனா. சொன்ன பிறகுதான், அது கவியரசன் பேசுகிற மாதிரியே இருந்தது என்று தோன்றியது. தோன்றியபோது ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு மையத்தையும் அழைத்தாள். அழைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் முதல் நிலையை முடித்துவிட்டதாக அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். முதல் கம்பியை விழா எடுத்து வழங்க வேண்டுமென்றும், பயனாளியின் ஊரார் முன்னிலையில் வழங்கினால் மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்குமென்றும் கவியரசன் சொன்னார். மேளக்காரர்களுக்கு வைக்கிற மைக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டார்.

தாலி கட்டி முடிந்து, பந்தலில் முதல் பந்தி எழுந்த நேரம். ஜமுனா கிட்டாரை எடுத்து வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். கூட்டம் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசைக்கு வந்தார்கள். வைஷ்ணவி மாலையோடு எட்டிப் பார்த்து, மாப்பிள்ளையின் காதில், "எங்க அக்கா" என்றாள்.

கவியரசன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெண் கிட்டார் வாங்கி ஒரு வருடம் ஆகப் போகிறது. இதுவரை ஒரு சுரம்கூட வாசித்ததில்லை!" கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டாததால் ஆர்த்தி தட்டினார். "எங்கள் மையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூடத் தப்பாக வாசிக்கவில்லை. காரணம், ஒருவரையும் நாங்கள் வாசிக்க விடவில்லை. இந்தச் சாதனையை வேறு எந்த நிறுவனமாவது காட்டட்டும்!"

ஜமுனாவுக்குச் சால்வை போர்த்தினார். பிறகு ஒரு தாம்பாளத்தில் பூவோடு வைத்திருந்த முதல் நிலைக் கம்பியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அது அரைக் கம்பி. ஜமுனா அதைக் கிட்டாரின் ஒரு முனையில் பிடித்தாள். மறு முனை பாதி வழியில் நின்றது. இழுத்துப் பார்த்தாள். எட்டவில்லை.

"இன்னா, பாட்டு இல்லியா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். வைஷ்ணவி மாலையைப் பார்த்துக்கொண்டு ஒரு பூவைக் கிள்ளினாள்.

ஜமுனாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. கழுத்து அட்டையும் சால்வையும் கம்பியில்லாத கிட்டாருமாக அத்தனை பேர் முன்னால் நின்றாள். மைக்கை நீட்டியதும், மையத்தில் பழக்கியிருந்தபடி, "வாய்ப்பளித்த மையத்திற்கு நன்றி" என்றாள்.

அப்போது நீலமேகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த கையைத் துண்டில் துடைத்திருந்தார். பக்கத்து வீட்டு வலைக் கொட்டகையிலிருந்து ஒரு சுருள் தங்கூஸ் கொண்டு வந்திருந்தார், வலை பின்னுகிற நைலான் நரம்பு. மகள் தலைகுனிந்து நிற்பதைப் பந்திப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிப் போய் எடுத்து வந்தது.

"கம்பி எட்டலன்னா பரவால்லம்மா" என்றார், மைக்கில் விழாத குரலில். "இத்தக் கட்டிப் பாக்கலாமா? ஏதோ ஒரு சத்தம் வரும். தங்கச்சி ஆசையா கேட்டுச்சில்ல."

கூட்டத்தில் இன்னொரு சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது அது. ஜமுனா அப்பாவின் கையைப் பார்த்தாள். அதில் சாம்பார் வாசனை இருந்தது. கவியரசன் புருவத்தைத் தூக்கி அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"விடு நைனா!" என்றாள். மைக் அவள் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. "இன்னா தெரியும் உனக்கு? எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டு மாசான காது உன்னுது. உன்ன யாரு கேட்டா?"

பந்தல் முழுக்கப் போய் அடங்கியது அந்தச் சத்தம். அடுப்படியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நீலமேகம் தலையை ஆட்டினார், கணக்குத் தப்பாகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி. தங்கூஸை விரலில் மெதுவாகச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை போடப் போனார்.

"கேட்டீர்களா!" கவியரசன் மைக்கைப் பிடுங்கினார். அவர் குரல் நெகிழ்ந்திருந்தது. "இதுதான் கல்வி! நாங்கள் சொல்ல வேண்டியதைப் பயனாளியே சொல்லிவிட்டார்!"

இந்தத் தடவை நிறையப் பேர் கைதட்டினார்கள். படித்தவர் தட்டச் சொல்கிறார் என்று தட்டினார்கள்.

சாயந்திரம் வைஷ்ணவி மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். ஜமுனாவிடம் வந்தபோது அழுகையை நிறுத்தி, "நைனாவப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் ஜமுனா வீட்டை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் மையத்துக்குப் போய், "என் கம்பியெல்லாம் குடுத்துடுங்க சார்" என்றாள்.

கவியரசன் எழுந்து நின்று வரவேற்றார். அவளை நூல் தேர்வுக் குழுவில் உறுப்பினராக்கத் தீர்மானம் போட்டிருந்தார்கள். கிட்டார் வைத்திருந்து, ஒரு வருடமாக ஒரு சுரமும் வாசிக்காமல், அதே நேரம் மற்றவர்களையும் வாசிக்க விடாமல் தடுத்த ஒருவர் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

"அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசலாம்" என்றார். "தேநீரும் உண்டு."

"கம்பி சார்."

"கம்பிகள் மேல்நிலைக் குழுவின் பார்வைக்குப் போயிருக்கின்றன."

கத்த வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். ஆனால் கவியரசனின் முகத்தில் கபடமே இல்லை. அன்றைக்கு மைக்கில் நைனாவைத் திட்டியது இவர் இல்லை, நான்தான் என்று நினைத்ததும் கோபம் நின்றுவிட்டது. கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தாள்.

அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது நீலமேகம் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜமுனா வீட்டுக்குள் போய்க் கிட்டாரை எடுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"நைனா, அந்தத் தங்கூஸு கீதா?"

"அது எதுக்கும்மா. நான் ஏதோ தெரியாம எட்த்துக்கினு வந்துட்டேன்."

குத்திக் காட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. அவர் நிஜமாகவே சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வலைக் கூடையில் கிடந்த நரம்பில் ஒரு துண்டை எடுத்து அவள் கட்ட முயன்றாள். முடிச்சு வழுக்கியது. மறுபடி கட்டினாள், மறுபடி வழுக்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நீலமேகம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கிட்டாரை வாங்கினார். கீழே ஒரு முடிச்சு. மேலே திருகாணியில் இரண்டு சுற்று. மெல்லத் திருகினார். நரம்பு நிமிர்ந்தது.

"தட்டு நைனா" என்றாள்.

அவர் தயங்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, நரம்பைத் தொட்டு விட்டார். 'தொம்' என்று மந்தமாக ஒரு சத்தம் வந்து மணலில் விழுந்தது.

சட்டென்று விரலை இழுத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"தப்பாத் தொட்டுட்டேனாம்மா?"

ஜமுனாவால் தலையைத் தூக்க முடியவில்லை.